எலிசியோ என்ற பெயரில் இருவர்

மணிலா
நவம்பர் 17, 1996

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகவே கேட்கிறேன். நான் யார்?

இந்த முறை ராணுவ ஆள் எடுப்பில் எல்லாவற்றிலும் தேறினேன். முதல் முறை பல் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள், பல் கட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை ரத்தக் கொதிப்பு என்றார்கள், நான்கு மாதம் காபியைத் தொடவில்லை. இந்த முறை ஓட்டம், கண், நெஞ்சு, பல் எல்லாம் சரி. கடைசி மேஜையில் இருந்த சார்ஜென்ட் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். "ஜனவரி ஒம்பதுல உனக்கு இருபத்தேழு முடியுது. பயிற்சி பிப்ரவரி மூணு. வயசு தாண்டிடுச்சு தம்பி. அடுத்த ஆள் வா" என்றார். அவ்வளவுதான்.

அத்தை வீட்டுக்கு வந்து சொன்னேன். பெர்பெத்துவா அத்தை மீன் வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு எங்கடா இருபத்தேழு? அந்தப் பேப்பர் உன்னோடதே இல்ல. செத்துப்போன உங்கண்ணனோடது. நீ பொறந்தது எழுபத்திரண்டு அக்டோபர். ஏன்டா, உங்காத்தா உங்கிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள்.

சொல்லவில்லை. எனக்கு முன் ஒரு பிள்ளை பிறந்தான், அவன் பெயரும் எலிசியோ, ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனான் என்பதை நீ சொல்லவில்லை. அவன் பிறந்ததைப் பதிந்தீர்கள். இறந்ததைப் பதியவில்லை. இரண்டே முக்கால் வருடம் கழித்து வந்த என் தலையில் அவன் பெயரையும் காகிதத்தையும் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள். "அதான் நகராட்சியில ஒரு எலிசியோ இருக்கானே, இன்னொண்ணு எதுக்கு" என்று அப்பா சொன்னாராம். அத்தை சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைவிட எனக்கு ஆறாதது வேறு. நீ மருத்துவச்சி. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாளே தகப்பனை விரட்டுகிறவள் நீ. "மொதல்ல போய் எழுதிட்டு வா, கோழியை அப்புறம் அடிச்சுக்கலாம்" என்பாய். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் காகிதம் உண்டு. உன் பிள்ளைக்கு இல்லை.

எனக்கு இரண்டு வேலை செய்து கொடு. நகராட்சிக்குப் போய் முதல் எலிசியோவின் இறப்பைப் பதிவு செய். பிறகு என் பிறப்பை, உண்மையான தேதியில், தாமதப் பதிவாக எழுது. கோவில் புத்தகத்தில் என் ஞானஸ்நானத் தேதி இருக்கிறது, அது போதுமாம். ஜனவரி 31க்குள் வேண்டும்.

எலிசியோ (இரண்டாமவன்)


சான் இசித்ரோ, கத்தாண்டுவானெஸ்
டிசம்பர் 2, 1996

எலிசியோவுக்கு,

கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்தேன். முகத்தைப் பார்த்து, "என்ன சலூத், யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, என் மகன் என்னை விசாரணை பண்ணுகிறான் என்றேன்.

நீ யார் என்று கேட்டாய். சொல்கிறேன். பதினான்கு வயதில் பாதிரியார் ஆகப்போகிறேன் என்று குருமடத்துக்குப் போனவன் நீ. எட்டாவது மாதம் கூடப் படித்தவன் மூக்கை உடைத்துவிட்டுத் திரும்பி வந்தாய். அப்புறம் கப்பல் படிப்பு. இரண்டு வருடம் லெகாஸ்பியில் படித்து முடித்து, முதல் படகில் ஏறியதும் குடல் வாய்க்கு வரும்படி வாந்தி எடுத்தவன் நீ. அப்புறம் மணிலாவில் கடை வாசலில் விசிலும் தடியுமாகப் பெண்களின் கைப்பையைத் திறந்து பார்க்கிற வேலை. இப்போது பட்டாளம். இதுவும் எத்தனை மாதத்துக்கு?

போன வருடப் புயலுக்குப் பிறகு நம் ஆற்றுப் பாலத்தைக் கட்டப் பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். பதினோரு நாள் அவர்களோடு கல் சுமந்தாய். அதிலிருந்து உனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், நானே சோறு போட்டேன். ஆனால் பாலம் கட்ட அனுப்புகிறது எத்தனை பேரை, துப்பாக்கியைக் கொடுத்து மலைக்குப் புரட்சிக்காரர்களோடு சண்டை போட அனுப்புகிறது எத்தனை பேரை என்று அவர்களிடம் கேட்டாயா? நான் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

உன்னைப் பட்டாளத்தில் சேர்க்க, இன்னொரு பிள்ளை செத்தான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன். பெர்பெத்துவாவிடம் சொல், அவளுக்கு வாய் நீளம் என்று உயிரோடு இருந்தவரை உன் அப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா


மணிலா
டிசம்பர் 13, 1996

அம்மாவுக்கு,

குருமடம், கப்பல், விசில் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிட்டாய். உண்மைதான். எதையும் முடித்ததில்லை. அதனால்தான் இதைக் கேட்கிறேன். அந்தப் பதினோரு நாளும் காலையில் ஒருவர் வந்து இன்றைக்கு இதைச் செய் என்றார், சாயங்காலம் அது செய்து முடிந்திருந்தது. மறுநாள் அதன்மேல் ஒரு மாட்டுவண்டி போனது. எனக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன் வாய்த்ததே இல்லை. இதை உன்னிடம் அப்போதே சொன்னேன். நீ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய்.

மலைக்கு அனுப்பலாம். அனுப்பினால் போவேன். வருவேனா என்று தெரியாது. கடை வாசலில் நின்று கிழவனாவேன் என்பது நன்றாகத் தெரியும்.

நீ ஒரு விஷயத்தை மட்டும் தொடவே இல்லை. ஏன் பதியவில்லை? அப்பா சோம்பேறி, ஒப்புக்கொள்கிறேன். நீ சோம்பேறி இல்லையே. ஒரு செத்த பிள்ளையை எழுதி வைப்பதில் உனக்கு என்ன தடை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்தால் வெந்து போவேன். ஒவ்வொரு ஜனவரி ஒன்பதும் நீ எனக்காகப் பன்சித் செய்தாய். ஆயுள் நீளட்டும் என்று நூடுல்ஸை ஒடிக்காமல் வேகவைப்பாய். முதல் தட்டை மாதா படத்துக்கு முன்னால் வைப்பாய். நீ ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிரசவம் பார்த்த களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். இப்போது தெரிகிறது, அது என் பிறந்தநாளே இல்லை. நீ அவனுக்குப் படைத்தாய், மிச்சத்தை நான் தின்றேன். என் அக்டோபர் இருபத்தொன்றில் ஒரு முட்டையாவது அவித்தாயா?

ஜனவரி 31. மறக்காதே.

எலிசியோ


சான் இசித்ரோ
டிசம்பர் 29, 1996

எலிசியோ,

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று பன்றிக்காலை உப்பில் போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் இருபத்தொன்றில் ஒவ்வொரு வருடமும் கோவிலில் உனக்காகப் பூசை சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய். நீ சின்ன வயதிலேயே கேள்வி கேட்டுச் சாகடிப்பவன்.

ஏன் பதியவில்லை என்று கேட்டாய் அல்லவா. உன் அப்பாவுக்குத் தெரியும், அவர் போய்ச் சேர்ந்தார். வேறு யாருக்கும் தெரியாது. பெர்பெத்துவாவுக்கும் தெரியாது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் சித்திதான் ஊர் மருத்துவச்சி, நான் கையாள். ஜனவரி மழையில் ஆறு ஏறி, சித்தி அக்கரையில் மாட்டிக்கொண்டாள். வலி வந்துவிட்டது. உன் அப்பா வாசலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், அதைத் தவிர அவரால் என்ன முடியும். நானே பெற்றேன். நானே கொடியை அறுத்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அறுப்பது போல மூங்கில் சில்லால்தான். கூரையிலிருந்து பிடுங்கினேன். கொதிக்க வைக்கவில்லை. எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் உன் அப்பா சந்தோஷமாக நகரத்துக்கு நடந்து போய் எழுதிவிட்டு வந்தார். ஏழாம் நாள் பிள்ளை பால் குடிக்க வாய் திறக்கவில்லை. தாடை இறுகிவிட்டது. தொட்டால் வில்லாக வளைந்தான். ஒன்பதாம் நாள் முடிந்தது. அது ரணஜன்னி என்று பிறகு சுகாதாரப் பயிற்சியில் ஒரு நர்ஸ் படம் போட்டுக் காட்டினாள். கொடி அறுத்த ஆயுதத்தில் அழுக்கு இருந்தால் வரும் என்றாள். பெஞ்சில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து போகக்கூட முடியவில்லை.

அதற்கு அப்புறம் முந்நூறு பிரசவத்துக்கு மேல் பார்த்தாகிவிட்டது. கத்தரியை அரை மணி நேரம் கொதிக்க வைப்பேன். கேலி பண்ணுவார்கள், "சலூத் கத்தரிக்கோல் சூப்பு வைக்கிறா"ன்னு. ஒரு பிள்ளையும் அப்படிப் போனதில்லை. இப்போது நகராட்சிப் படிவத்தில் மரணக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதச் சொல்கிறாய்? அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நெஸ்தோர் என் கையில் பிறந்தவன். மத்தியானம் எழுதினால் சாயங்காலம் சந்தை முழுக்கத் தெரியும். சொந்தப் பிள்ளையைக் கொன்றவள் கையில் யார் பெண்ணை ஒப்படைப்பார்கள்?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னால் முடியாது. உன் காகிதத்தை நீயே பார்த்துக்கொள்.

அம்மா


மணிலா
ஜனவரி 9, 1997

இன்று அவனுக்கு இருபத்தேழு.

உன் கதையைப் படித்தேன். பாவம்தான். ஆனால் நீ பத்தொன்பது வயதில் செய்ததற்கு இருபத்துநான்கு வயதில் நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? அவனைச் சாகவிட்டது தெரியாமல். என்னை அவன் பெயரில் வாழவிட்டது தெரிந்தே.

உன் மானத்தை நீயே வைத்துக்கொள். இனி எழுத மாட்டேன்.


சான் இசித்ரோ
ஜனவரி 29, 1997

எலிசியோ,

"தெரிந்தே" என்ற அந்தச் சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. இரண்டு பிரசவத்துக்குப் போய் வந்தேன், அங்கேயும் அதுதான் காதில் கேட்டது. சண்டை போட உனக்கு நன்றாகவே தெரிகிறது. பட்டாளத்துக்குப் பொருத்தமானவன்தான்.

நேற்று நகராட்சிக்குப் போனேன்.

நெஸ்தோர் எழுந்து நாற்காலி போட்டான். விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினான். படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டே வந்தவன் அந்தக் கட்டத்தில் நின்றான். "அம்மா, காய்ச்சல்னு போட்டுடறேன். இருபத்தேழு வருஷம் ஆச்சு, யாரு கேக்கப் போறா?" என்றான். தலையை ஆட்டியிருக்கலாம். எனக்கு உன் மேல் கோபம் வந்தது, உன் அப்பா மேல், அந்த நர்ஸ் மேல், எல்லோர் மேலும் வந்தது. "ரணஜன்னின்னு எழுதுடா" என்றேன். "எப்படி வந்துச்சுன்னு கேட்டா?" என்றான். "ஆத்தா கொடியை மூங்கிலால அறுத்தா, கொதிக்க வைக்கலன்னு சொல்லு. கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லு" என்றேன்.

அவன் பேனாவை வைத்துவிட்டு அழுதான். முட்டாள் பயல், அவன் பிறந்தபோது என் கத்தரி சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு உன் பிறப்பை எழுதினோம். 1972 அக்டோபர் 21. பிரசவம் பார்த்தவர் பெயர்: சலூத் தபூசோ. அம்மா பெயர்: சலூத் தபூசோ. கோவிலிலிருந்து நகலும் வாங்கி வைத்தேன். எல்லாம் இந்த உறையில் இருக்கிறது. 31க்குள் வந்து சேருமா தெரியாது, அத்தை முகவரிக்கு அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

இனி நீ யாருடைய மிச்சத்தையும் தின்ன வேண்டியதில்லை. போய்ச் சுடு, இல்லை சுடப்படு. என்னிடம் இனிக் கேட்க உனக்கு எதுவும் இல்லை.

அம்மா


மணிலா
ஏப்ரல் 6, 1997

அம்மா,

எழுத மாட்டேன் என்றவன் எழுதுகிறேன். நீ திட்டுவாய் என்று தெரியும். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஜனவரி 24ஆம் தேதியே எனக்கு வயது விலக்கு கிடைத்துவிட்டது. கப்பல் படிப்பு படித்தவன், படகுப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு வருடம் தளர்த்திவிட்டார்கள். நீ கேலி பண்ணிய அதே படிப்பு. அன்றே உனக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். "காகிதம் வேண்டாம், அலைய வேண்டாம்" என்று நான்கு சொல். அடிக்கவில்லை. கொஞ்சம் துடிக்கட்டும் என்று விட்டேன். இதைவிட அசிங்கமாக நான் எதையும் செய்ததில்லை. நீ நெஸ்தோர் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று எனக்கு வேலை உறுதியாகி நான்கு நாள் ஆகியிருந்தது.

பிப்ரவரி மூன்றில் முகாமுக்குப் போனேன், பழைய காகிதத்தோடு. அது என்னுடையதல்ல என்று தெரிந்துதான் நீட்டினேன். உள்ளே போனால் ஒன்றரை மாதம் தபால் கிடையாது. உன் உறை அத்தை வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் கிடந்தது.

நன்றாக இருந்தேன் அம்மா. ஓடினேன், தவழ்ந்தேன், திட்டு வாங்கினேன். படகில் வாந்தி வரவில்லை. எட்டாவது வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவன் காகிதத்தையும் அவனவன் ஊருக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்களாம். என்னுடையது திரும்பி வந்திருந்தது. எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்: "தபூசோ, நீ செத்து இருபத்தேழு வருஷம் ஆச்சேடா. ரணஜன்னியாம். இவ்வளவு நாளா எவன்டா என் சோத்தைத் தின்னது?"

அறை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் வெளியே வந்து சுவரைக் குத்தினேன்.

கேப்டன் மக்லாயா கெட்டவர் இல்லை. ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். "கிராமத்துல இப்படி நடக்கும். உங்கம்மாவுக்கு வயசாச்சு, குழம்பிப் போய் யாரோ புள்ளைய சொந்தப் புள்ளைன்னு எழுதிட்டாங்கன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. பழைய காகிதம் செல்லும். நீ போக வேண்டியதில்லை" என்றார். நல்ல வழிதான். நீ பைத்தியம் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தபால் பெட்டிக்கு இரண்டு முறை போனேன். மூன்றாம் நாள் அவர் மேஜையில் திருப்பி வைத்தேன். அவங்க குழம்பலை சார், அவங்க சொன்னதுதான் நெஜம், நான் தெரிஞ்சே அடுத்தவன் காகிதத்துல வந்தேன் என்றேன். "அப்போ வீட்டுக்குப் போ. உன் சொந்தக் காகிதத்தோட வா" என்றார். வழக்கு எதுவும் போடவில்லை.

அன்றே சீருடையைக் கழற்றிக் கொடுத்தேன். பல் பரிசோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆகஸ்டில் அடுத்த ஆள் எடுப்பு. பள்ளிச் சான்றிதழெல்லாம் அவன் தேதியில் இருக்கிறது, அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. கடை வாசலில் மறுபடி விசில் ஊதுகிறேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. என் மேல் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது.

எலிசியோ


சான் இசித்ரோ
ஏப்ரல் 20, 1997

எலிசியோ,

நான்கு சொல் தந்திக்கு உனக்கு மனசு வரவில்லை. சரி. அதை நான் மறக்கப் போவதில்லை, நீயும் மறக்காதே.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நெஸ்தோர் வாயைத் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டி திறந்தாள். பிப்ரவரியில் மூன்று வீட்டில் தேதி கொடுத்திருந்தேன், மூன்றுமே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. மார்ச்சில் ஒருத்தரும் வாசலை மிதிக்கவில்லை. கத்தரி டப்பாவில் கிடக்கிறது. போன வாரம் மேட்டுத்தெரு ரெமெதியோஸ் வந்தாள், ஒன்பது மாத வயிற்றோடு. "நெசமா?" என்று கேட்டாள். "நெசம்" என்றேன். "அதுக்கப்புறம் எத்தனை?" என்றாள். "முந்நூத்திப் பன்னிரண்டு" என்றேன். தின்பண்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தின்றுவிட்டுப் போனாள். வருவாளா தெரியாது.

உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் முதலில் முடியாது என்றார். அவர் மகள் பிறந்த கதையை ஆசிரியர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன், உடனே கையெழுத்துப் போட்டார். படித்த எலிசியோவும் 72இல் பிறந்த எலிசியோவும் ஒரே ஆள் என்று பத்திரம் இருக்கிறது. ஆறு நகல் வைத்திருக்கிறேன். ஐந்துதான் வேண்டும். நீ ஒன்றைத் தொலைப்பாய்.

இப்போது நான் திட்ட வேண்டியதைத் திட்டுகிறேன். அந்தக் கேப்டன் கொடுத்த தாளை நீ ஏன் அனுப்பவில்லை? நீ பெரிய யோக்கியன் ஆகிவிட்டாயா? எட்டு வாரம் ஓடியிருக்கிறாய், படகில் வாந்தி வராமல் இருந்திருக்கிறாய், வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முடிக்கப் போனாய். என்னைக் கேட்டிருக்க வேண்டும். என் நல்ல பெயர்தான் இங்கே போய்விட்டதே, பைத்தியம் என்று இன்னொன்றும் சேர்ந்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்?

தாள் வந்த அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். முட்டாளே, படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அம்மா